அமெரிக்கன் புட் 5.57ஐத் தாண்டாத கதை
காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டீன் மூவரும் 1979இல் தந்த பைனாமியல் முறையில் (தவணையைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பங்கு விலை ஏறும் அல்லது இறங்கும் என்று வைத்துக் கணக்கிடுவது) அமெரிக்கன் புட் ஆப்ஷனுக்கு, அதாவது பங்கைக் குறித்த விலைக்குத் தவணைக்குள் எப்போது வேண்டுமானாலும் விற்கும் உரிமைக்கு, விலை காண பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் (அந்தக் குறித்த விலை) 100, வட்டி 5%, ஏற்ற இறக்கம் 20%, தவணை ஓராண்டு. வர வேண்டியது சுமார் 6.09. 100 படிகளில் வந்ததோ 5.55.

படிகளை 1000 ஆக்கினேன். 5.57 ஆனது, அவ்வளவுதான். அது தவணை முடியும் நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய புட்டின் விலை! ஏற்ற, இறக்கக் காரணிகளையும் நிகழ்தகவையும் கையால் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. கால் ஆப்ஷனுக்கு (வாங்கும் உரிமை) 10.45, கச்சிதம். மூன்று நாள் ஏமாந்தது இதில்தான். டிவிடெண்ட் தராத பங்கில் அமெரிக்கன் காலுக்கும் ஐரோப்பிய காலுக்கும் ஒரே விலை. கால் சரியாக வந்ததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

கடைசியில் சும்மா ஸ்ட்ரைக்கை 110 ஆக்கி, நடுவில் உள்ள கணுக்களை (ஒவ்வொரு படியிலும் பங்கு எட்டக்கூடிய விலைப் புள்ளிகளை) அச்சிட்டேன். பங்கு 200ஐத் தாண்டிய இடத்திலும் புட்டின் மதிப்பு 10! அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. முன்கூட்டியே பயன்படுத்தினால் கிடைக்கும் தொகைக்கு, அந்தந்தக் கணுவின் விலைக்குப் பதில் இன்றைய விலையையே ஸ்ட்ரைக்கிலிருந்து கழித்திருந்தேன். முதலில் இரண்டும் 100 என்பதால் எங்கும் பூஜ்யம். ஸ்ட்ரைக்கை மறுபடி 100 ஆக்கி, மாறியின் பெயரைத் திருத்தியதும் 6.09 வந்தது. அப்பாடா.