அனுபவத்திலிருந்து தப்பான பாடம் படிக்காமலிருக்க

பட்டால்தான் தெரியும் என்பார்கள். பட்ட பிறகும் தெரியாமல் போவது இன்னும் அதிகம். அடி விழுந்தது ஒரு காரணத்தால், நாம் கற்றுக்கொண்டதோ வேறொன்றை என்று பல வருடங்கள் ஓடிவிடும்.

இதில் பெரிய தவறு, நினைவை அப்படியே நம்புவது. ஒரு வேலையை விட்டபோது, ஏன் விடுகிறேன் என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆறு வருடம் கழித்து வீடு மாறும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் ‘மேலதிகாரி சரியில்லை, அதனால் வந்துவிட்டேன்’ என்றுதான் சொல்லிவந்தேன்; மனதார நம்பியும் இருந்தேன். நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது இது: ‘வேலை பழகிவிட்டது. புதிதாக எதுவும் கற்கவில்லை. அவர் நியாயமானவர்தான்.’ கடைசி வரிக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தேன்.

அந்த ஆறு வருடங்களில் இரண்டு முறை வேலை மாறினேன். இரண்டு முறையும் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்றுதான் துருவித் துருவி விசாரித்தேன். அங்கே என்ன கற்கலாம் என்று யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் அதே சலிப்பு வந்தது.

இது எனக்கு மட்டும் நேர்வதல்ல. 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன்பு, பயணத்தில் என்னென்ன நடக்கக்கூடும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள் பாருக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்டதாகத் தெரிந்த விஷயங்களுக்கு, உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. நினைவு நமக்குத் தெரியாமலே மாறிவிடுகிறது.

அடுத்தது, முடிவின் தரத்தை விளைவை வைத்து எடைபோடுவது. நன்றாக விசாரித்து ஒரு வேலையில் சேர்கிறீர்கள், ஆறே மாதத்தில் நிறுவனத்தை மூடிவிடுகிறார்கள். அன்று கிடைத்த தகவலுக்கு நீங்கள் எடுத்தது நல்ல முடிவுதான். உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. விசாரிக்காமல் குதித்தது பலித்துவிட்டால்தான் ஆபத்து, அடுத்த முறையும் விசாரிக்க மாட்டோம்.

சூடு பட்ட பூனை கதை தெரிந்ததே. நண்பரோடு சேர்ந்து தொழில் செய்து நஷ்டப்பட்டவர், ‘இனி யாரோடும் கூட்டு வேண்டாம்’ என்று முடிவெடுக்கிறார். யார் எவ்வளவு போடுவது, கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பது என்று எதையும் எழுதிக்கொள்ளாமல் தொடங்கினார்கள் என்பது அவருக்கு உறைப்பதே இல்லை. பாடத்தைக் குறுக்கிப் பாருங்கள். ‘எழுத்தில் இல்லாமல் கூட்டு வேண்டாம்’ என்றால் கதவு திறந்தே இருக்கும்.

ஜெயித்தவர்களிடம் மட்டும் கேட்பதும் போதாது. இரண்டாம் உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை ஆராய்ந்தார்கள். துளை குறைவாக உள்ள இடங்களில்தான் பாதுகாப்பு வேண்டும் என்ற முடிவுக்கு இட்டுச்சென்றது புள்ளியியல் நிபுணர் ஆபிரகாம் வால்டின் ஆய்வு. அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லையே! அதே வழியில் போய்ச் சறுக்கியவர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

சரி, நினைவை நம்பாமல் என்ன செய்வது? பெரிய முடிவு எடுக்கும் அன்றே அரைப் பக்கம் எழுதுங்கள்: தேதி, என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது. கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒரு வார்த்தையைக்கூட அடித்துத் திருத்தாதீர்கள். புதிதாகத் தோன்றுவதைக் கீழே, அன்றைய தேதி போட்டுத் தனியாக எழுதுங்கள்.