சாம்பல் நிறமான ஆல்பங்களை மீட்ட கதை

போன மாதம் ஒரு இரவு, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ கேட்கலாம் என்று இசைச் செயலியைத் திறந்தேன். பிடித்த ஆல்பங்களில் அது இருந்தது, ஆனால் உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். தொட்டால் ஓடவில்லை. இன்னும் பதினோரு ஆல்பங்களுக்கும் அதே கதி. ஏழு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. மனசே கேட்கவில்லை.

இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் உரிம மாற்றம்தான் காரணம். உரிமை கைமாறும்போது பழைய பதிவேற்றத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள். பெயரும் அட்டைப்படமும் ஒன்றாகவே இருந்தாலும் செயலிக்கு அது வேறு ஆல்பம். நாம் சேமித்ததோ பழையதை.

சரி என்று இசையமைப்பாளர் பக்கத்துக்குப் போய்த் தேடினேன். ஆண்டை நம்பித் தேடியதில்தான் நேரம் போனது. 1986-இல் வந்த ஆல்பத்துக்குப் புதிதாக ஏற்றிய ஆண்டைப் போட்டிருந்தார்கள். அதனால் ஆண்டை விட்டுவிட்டுத் தடங்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் ஒப்பிட்டேன். அதிலேயே தொகுப்பு ஆல்பங்கள் கழிந்துவிடும். பன்னிரண்டில் பத்து கிடைத்தன.

அப்புறம் ஒரு விரிதாள் போட்டேன்: ஆல்பம், இசையமைப்பாளர், அசல் ஆண்டு, தடங்களின் எண்ணிக்கை. செயலியின் கணக்கு அமைப்புகளில் நம் தரவைத் தரவிறக்கும் வசதி இருந்தது. நூலகப் பட்டியல் அதிலேயே வந்துவிட்டதால் கையால் தட்டச்சு செய்ய வேண்டியது குறைந்தது. கிடைக்காத இரண்டுக்கும் பழைய குறுந்தகடு தேடிக்கொண்டிருக்கிறேன்.