கொடைக்கானலிலிருந்து முக்குளிக்கச் செல்வோர் கடலில் கூட்டுயிரியைக் கண்டால்

புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ ஸ்கூபா முக்குளிக்கச் செல்லும் மலைவாசிகள் பவளப்பாறையையும் மீன்களையுமே எதிர்பார்த்திருப்பதால், பல சிற்றுயிர்கள் ஒட்டி ஒரே உடலாக வாழும் கூட்டுயிரி ஒன்று கண்ணாடிச் சரம்போல முகத்தருகே மிதந்து வரும்போது அதைப் பிளாஸ்டிக் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் ஒதுக்கினேன்.

கையைக் கட்டிக்கொண்டு, முதலில் அதன் அமைப்பைப் பாருங்கள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகை மொட்டுகளைப் போலத் தெளிந்த உடல்கள் வரிசையாக ஒட்டியிருந்து, ஒவ்வொன்றினுள்ளும் பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறப் புள்ளியாகக் குடல் தெரிந்தால், அது சால்ப். ஒருமுனை மூடி மறுமுனை திறந்த குழாயாக இருந்தால் பைரோசோம். அதன் சுவரில் பதிந்துள்ள சிற்றுயிர்கள் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து நீரை உறிஞ்சி, உணவை வடித்துக்கொண்டு, மீதியைக் குழாய்க்குள் விடுவதால், திறந்த வாய்வழியே வெளியேறும் அந்த நீரே முழுக் கூட்டத்தையும் மெல்ல உந்துகிறது. இரவில் கண்டால் விளக்கைச் சற்று மறைத்துக் காத்திருங்கள். அது தானே ஒளிர்வதைக் காண வாய்ப்புண்டு. இளஞ்சிவப்பு மணிகள் சுருளாகச் சுற்றிய குழாய் என்றால், அது கூட்டுயிரியே அன்று, ஒருவகைக் கணவாயின் முட்டைத்திரள்.

இவை எவையும் கொட்டுவதில்லை. கயிறுபோல நீளும் சைபனோஃபோர் என்னும் கூட்டுயிரிதான் கொட்டும். 2020இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் சுருளாகக் காணப்பட்ட ஒன்றின் வெளிவளையம் மட்டுமே ஏறத்தாழ 47 மீட்டர் என மதிப்பிட்டார்கள். நீலக் காற்றுப்பையுடன் மேற்பரப்பில் மிதக்கும் போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்னும் உயிரியும் இதே வகை என்பதால், மேலே வரும்போது தலைக்கு மேல் பார்த்தபடி வாருங்கள். கரையில் செத்துக் கிடப்பதையும் தொடாதீர்கள். கொட்டிவிட்டால் தேய்க்காமல், கடல்நீரில் அலசி, இழைகளை இடுக்கியால் எடுத்து, தாங்கும் அளவு வெந்நீரில், ஏறத்தாழ 45 டிகிரியில், 20 நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றைப் பின்தொடர்வதில்தான் பெரிய ஆபத்து. வட்டக்கானல் மூடுபனியில் ஏற்றமும் இறக்கமும் தெரியாததைப் போலவே, அடி தெரியாத நீல நீரிலும் ஆழம் புலப்படாது. ஆழமானியை அடிக்கடி பார்த்து, அந்த உயிரி மேலே போனால் விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்புவதிலும் கவனம் வேண்டும். மூழ்கியபின் சீக்கிரமே உயரம் ஏறினால், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகித் தீங்கு செய்யும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். விமான அறையின் காற்றழுத்தமும் ஏறக்குறைய இந்த உயரத்திற்குரியதே. பலமுறை மூழ்கியவர் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்னும் விதியை நாம் மலைப்பாதைக்கும் கொள்வதே நல்லது. பிற்பகலில் மூழ்கி இரவே வண்டியேறினால், விடியுமுன் உச்சிக்கு வந்துவிடுவோம். ஆகவே மலையடிவாரத்து வத்தலகுண்டிலேயே தங்கிக் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஏறுங்கள், திங்கட்கிழமை விடுப்பையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.