மாதேஷ் எப்படி வளர்கிறான்? நாவலில் இளம் பாத்திரம் எழுதும் முறை

முதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பட்டியல் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்: நாயகன் நல்லவன், கோபக்காரன், அம்மா செல்லம். அதை ஓரமாக வையுங்கள்.

படி 1: ஒரே ஒரு குணம், அதற்கு ஒரு செயல்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டி என்று வைத்துக்கொள்வோம். பதினாறு வயது மாதேஷ் அப்பாவோடு பெங்களூரா ரக மாங்காய் லோடு இறக்குகிறான். தராசு 52 கிலோ காட்டுகிறது, சீட்டில் 48 ஏறுகிறது. கேட்டால் 'கழிவு' என்பார்கள். மாதேஷ் அப்பாவைப் பார்க்கிறான். அவர் தன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அடுத்த கிரேட்டைத் தூக்குகிறான். அவ்வளவுதான். 'பயந்தவன்' என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

படி 2: காரணம்

அப்பா அந்த மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஒரு வரி போதும். மூன்று பக்க ஃபிளாஷ்பேக் எல்லாம் தேவையில்லை.

படி 3: ஊரும் காலமும்

இதில் கோட்டை விட்டால் உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கதை 1990-களில் நடந்தால், மண்டிமேல் மனு கொடுக்க மாதேஷ் தர்மபுரி கலெக்டர் ஆபீஸுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். 1965-க்கு முந்தைய கதை என்றால் சேலம். தனியாகப் போகும் அந்தப் பயணத்தை வீணாக்காதீர்கள், ஒரு அத்தியாயமே கிடைக்கும்.

படி 4: அதே தராசுக்குத் திரும்ப வாருங்கள்

வளர்ச்சி தெரிய வேண்டுமானால் சூழல் அதேபோல் இருக்க வேண்டும், செய்கை மாற வேண்டும். அடுத்த சீசனில் மாதேஷ் வாய் திறக்கிறான்: "ஏம்ணா, அம்பத்திரண்டுன்னு காட்டுச்சே?" ஆனால் கத்துவது சீட்டு எழுதும் கூலிக்காரரிடம். மறுநாள் லோடை யாரும் இறக்கவில்லை. வெயிலில் காய் பழுக்கிறது. துணிச்சல் வந்துவிட்டது, விவரம் இன்னும் வரவில்லை. இந்தச் சறுக்கல் இல்லாத பாத்திரங்களை என்னால் நம்ப முடிவதில்லை.

மூன்றாவது முறை, சில வருடம் கழித்து, தராசுக்குப் பின்னால் நிற்பதே மாதேஷ்தான். ஒரு பாட்டி கிரேட் இறக்குகிறார். காட்டுவது 52. மொதலாளி கணக்கு 48. புதிதாக எழுதுகிறவர்கள் அவனை 52 எழுத வைத்துக் கைதட்டல் வாங்கப் பார்ப்பார்கள். நானாக இருந்தால் 50 எழுத வைப்பேன். அந்த 2 கிலோவில்தான் அவன் வேலையும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது.

படி 5: வெட்டுங்கள்

"நான் முன்ன மாதிரி இல்லம்மா" போன்ற வசனங்கள் எங்கே இருந்தாலும் தூக்கிவிடுங்கள். அப்புறம் மூன்று மண்டிக் காட்சிகளையும் தனியாக எடுத்து அடுத்தடுத்துப் படியுங்கள். வயதைச் சொல்லாமலே மூன்று வயது தெரிகிறதா? இல்லையென்றால் முதலில் இரண்டாவது காட்சியைத் திருத்துங்கள். பெரும்பாலும் அவசரமாக எழுதப்படுவது அதுதான்.