அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு மெடிகேர் அட்வான்டேஜ் பார்த்துக் கொடுப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டக் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அக்டோபர் பிறந்தால் நியூ ஜெர்சியிலிருந்து அக்கா காப்புறுதித் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிவிடுவார். உங்கள் வீட்டிலும் அமெரிக்காவில் குடியேறிய மூத்தவர்கள் இருந்தால் இது பயன்படும்.

மெடிகேர் என்பது 65 வயதைத் தொட்டவர்களுக்கு அமெரிக்க அரசு நடத்தும் காப்புறுதி, 1965-இல் சட்டமானது. பகுதி ஏ மருத்துவமனைக்கு, பகுதி பி மருத்துவருக்கு, பகுதி டி மருந்துக்கு. பகுதி சி-க்குத்தான் மெடிகேர் அட்வான்டேஜ் என்று பெயர். இதில் அரசு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறது. தோட்டத்தில் களையெடுப்பை ஏக்கர் கணக்கில் குத்தகைக்கு விடுவது போலத்தான்: வேலை நடந்தாக வேண்டும், மிச்சம் பிடிப்பது குத்தகைக்காரரின் சாமர்த்தியம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

அட்வான்டேஜ் திட்டத் தாளின் முகப்பில் பெரிதாக '0 டாலர்' என்று இருக்கும். "பல்லுக்கும் கண்ணாடிக்கும்கூடக் காசு தருகிறார்களாம், தம்பி" என்பார் அக்கா. அந்தச் சுழியம் நிறுவனத்தின் தவணைக்கு மட்டும். பகுதி பி தவணையை அரசுக்குக் கட்டியே ஆகவேண்டும். 2026-இல் பெரும்பாலோருக்கு அது மாதம் 202.90 டாலர். பல், கண் சலுகைக்கு ஆண்டு வரம்பு எவ்வளவு என்று உள்ளே தேடிப் பாருங்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் பார்ப்பது மருத்துவர் பட்டியல், அதாவது அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்கள் யார் என்பது. எச்.எம்.ஓ. வகையில், அவசரச் சிகிச்சை போன்றவை தவிர, பட்டியலுக்கு வெளியே போனால் பொதுவாகச் செலவு நம் தலையில். பி.பி.ஓ. வகையில் போகலாம், கூடுதலாகக் கட்டவேண்டும். மருத்துவமனைக்கு அழைத்து "மெடிகேர் ஏற்பீர்களா?" என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. திட்டத்தின் முழுப் பெயரையும், பெரும்பாலும் 'எச்' எழுத்தில் தொடங்கும் அதன் எண்ணையும் சொல்லிக் கேட்கவேண்டும். அக்காவின் இதய மருத்துவருக்கு ஒன்று, கண் மருத்துவருக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன். அவர் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் மருந்துப் பட்டியலில் எந்தப் படியில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுகிறேன்; பொதுவாகப் படி ஏற ஏற நம் செலவும் ஏறும். போன ஆண்டு கீழ்ப்படியில் இருந்த மாத்திரை இந்த ஆண்டு மேலே ஏறியிருக்கக்கூடும்.

அடுத்தது முன் அனுமதி. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் ஸ்கேன், மறுவாழ்வுச் சிகிச்சை போன்றவற்றுக்கு நிறுவனம் தலையசைக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பலர் முறையிடாமலே விட்டுவிடுகிறார்கள். முறையிட்டவற்றில் பெரும்பாலானவை அனுமதியாகியிருக்கின்றன.

நன்மையும் சொல்லவேண்டும். நேரடி மெடிகேரில், அதாவது தனியார் நிறுவனம் இல்லாமல் அரசே நடத்தும் பகுதி ஏ, பி-யில், மருத்துவர் செலவில் பொதுவாக 20 விழுக்காடு நம் பங்கு, அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வான்டேஜில் உண்டு: பட்டியலுக்குள் 2026-இல் அதிகபட்சம் 9,250 டாலர். நேரடி மெடிகேரில் இருப்பவர்கள் அந்த 20 விழுக்காட்டை அடைக்க 'மெடிகேப்' என்ற துணைக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் சிக்கலும் அங்கேதான். 65 வயதில் பகுதி பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால் மறுக்க முடியாது. அட்வான்டேஜில் சில ஆண்டு இருந்துவிட்டு, நோய் வந்தபின் நேரடி மெடிகேருக்குத் திரும்பி மெடிகேப் கேட்டால், நியூயார்க் போன்ற ஒருசில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். சேர்வதற்குமுன் யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

ஊருக்கு வந்து தங்குபவர்களுக்கு இன்னொன்று. நேரடி மெடிகேர் ஈப்போ மருத்துவமனைக்குப் பணம் தராது. சில அட்வான்டேஜ் திட்டங்கள் வெளிநாட்டில் அவசரத்துக்கு மட்டும் தரும். தைப்பூசத்துக்கு வந்து தீபாவளி வரை தங்கிவிடலாம் என்று எண்ணினால் கவனம்: திட்டத்தின் வட்டாரத்தைவிட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்குமேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள்.

மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. ஜனவரி 1-இல் நடப்புக்கு வரும். ஏற்கெனவே அட்வான்டேஜில் இருப்பவர்கள் மார்ச் 31-க்குள் இன்னொரு முறை மாற்றலாம். தரகருக்குப் பொதுவாக நிறுவனம் கமிஷன் தருகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, அவர்கள் எதையும் விற்பதில்லை. அங்கே அக்டோபரிலேயே நேரம் வாங்கிவிடச் சொல்லுங்கள்.