போத்தலில் மிஞ்ச வேண்டிய 200 மில்லிலீற்றர்

ஒயில் மாற்றும்போது ஒரு லீற்றர் போத்தலை அப்படியே மோட்டார் சைக்கிளுக்குள் கவிழ்த்துவிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு, கையேட்டில் 0.8 லீற்றர் என்றிருந்தால், மீதி 200 மில்லிலீற்றர் போத்தலிலேயே இருக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது ஊற்றும் கூடுதலான அளவும் அதே பக்கத்தில் இருக்கும் என்பதால், வரியைக் கவனித்து வாசியுங்கள். சரிந்த கிரவல் முற்றத்தில் ஒயில் மட்டத்தைப் பார்த்தால் அளவு பிழைக்கும். சீமெந்துத் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினை 3 நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் மேலும் 3 நிமிடம் பொறுத்து, மூடியைச் சுற்றிப் படிந்திருக்கும் வன்னிச் செம்புழுதியைத் துடைத்த பின்னரே ஒயில் மட்டம் காட்டும் அளவுகோலை வெளியே எடுக்க வேண்டும். கோலைத் துடைத்து, பல வண்டிகளில் மரையைத் திருகாமல், வெறுமனே இறக்கி எடுக்கையில் ஒயில் மேற்கோட்டைத் தாண்டியிருந்தால், அது நுரைத்து எயார் ஃபில்டர் வரை ஏறக்கூடும் என்பதால், ஒயிலை வடிக்க எஞ்சினின் அடியிலுள்ள வடிதிருகியைச் சற்றுத் தளர்த்திக் குறைத்துவிடுங்கள்.