ஜப்பானிய அச்சுப் பலகைகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து ஆராயும் முறை: தொடக்கநிலை வழிகாட்டி

ஜப்பானில் 1765 வாக்கில் ஓவியர் சுசுகி ஹருநொபுவின் படங்களோடு பலவண்ண மர அச்சு பெருவழக்கானது. கோடுகளுக்கு ஒரு பலகையும் வண்ணங்களுக்குத் தனித்தனிப் பலகைகளும் காட்டுச் செர்ரி மரத்தில் செதுக்கப்பட்டன. தேவை முடிந்ததும் இழைத்து வேறு படம் செதுக்கிவிடுவார்கள் என்பதால் படப் பலகைகளில் எஞ்சியவை குறைவே. உளி சென்ற ஆழமும் திசையும் பலகையில் மட்டுமே பதிந்திருப்பதால், அச்சிட்ட தாள் அதற்கு ஈடாகாது.

முதலில், காப்பாளரின் அனுமதியோடு, பக்கவாட்டில் தாழ்வாக விளக்கை வைத்துப் பலகையின் இரு முகங்களையும் கண்ணால் பாருங்கள். பல பலகைகளில் இருபுறமும் செதுக்கியிருப்பார்கள்.

அடுத்தது படமெடுத்தல். பல கோணங்களில் எடுத்த கேமரா படங்களை இணைத்தே இங்கே முப்பரிமாண மாதிரியை உருவாக்குகிறோம். கடினமான கட்டம் இதுதான். மை ஊறிக் கறுத்துப் பளபளக்கும் பரப்பு ஒளியைச் சிதறவிடாமல் ஸ்கேனரையும் கேமராவையும் குழப்பும். தொழிற்சாலைகளில் இதற்காக வெள்ளைப் பொடி தெளிப்பதுண்டு. தொன்மையான பலகையில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. மாறாக, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் வடிகட்டிகளை, அவற்றின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும்படி விளக்குக்கும் லென்சுக்கும் பொருத்தினால் பளபளப்பு அடங்கும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நேராகவும் சாய்வாகவும் எடுங்கள். சாய்ந்த படங்கள் இல்லையென்றால் பள்ளங்களின் சுவர்கள் மாதிரியில் வராது. 0.3 மி.மீ. அகலக் கோட்டை ஆராய வேண்டுமானால், மாதிரியில் பதிவாகும் புள்ளிகளின் இடைவெளி 0.05 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

படங்களை மெட்டாஷேப் போன்ற மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாக இணைத்து, அத்தகைய மாதிரிகளை அளந்து ஒப்பிடும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் பலகையின் ஒட்டுமொத்த வளைவைக் கழித்துவிட்டு, உயரத்தை நிறமாகக் காட்டுங்கள். பலகையில் எழுத்துகள் இடவலம் மாறியிருப்பதால், அவற்றைப் படிக்க மாதிரியைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலமாக மாற்ற வேண்டும்.

இனி வாசிப்பு. மூலையில் 'ட' எழுத்தைப் போலவும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்கோடாகவும் உள்ள வெட்டுகள், தாளைப் பொருத்துவதற்கான 'கென்டோ' குறிகள். பிழையான பகுதியைத் தோண்டி வேறு கட்டையைச் செருகித் திருத்திய இடங்கள் மைக்கறையின் கீழ் மறைந்திருந்தாலும், செருகிய கட்டை சுற்றுப்பரப்பிலிருந்து இம்மியளவு உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், உயரப் படத்தில் அதன் எல்லை தெளிவாகத் தெரியும். எனக்கு மிகவும் பயன்பட்ட சான்று இதுவே.

இறுதியாக, கோடுகளின் முறிவுகளை அச்சிட்ட பிரதிகளோடு ஒப்பிடுங்கள். அதே பலகையில் அச்சானவற்றுள், முறிவு இல்லாத பிரதி பொதுவாக முறிவுள்ளதற்கு முந்தியது. மரம் ஈரத்தில் விரிந்து காய்கையில் சுருங்கும். ஆகவே முழுப் பலகையையும் ஒரே வீச்சில் பொருத்தாமல், பகுதி பகுதியாகப் பொருத்துங்கள்.